அண்ணியின் வலது கால்

எங்கள் அண்ணியின் உடம்பில் வலது கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பார். வாய் பாட்டுக்கு என்னோடு பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருக்கும். திரையில் ஏதாவது ஒரு கார் திருப்பத்தில் வேகமாக வந்தால் போதும், வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். பேருந்தில் போனால் முன் இருக்கையின் கம்பியை மிதிப்பார். யார் வீட்டுக் குழந்தையோ கண்ணாடி டம்ளரோடு ஓடி வந்தால் மிதிப்பார். பால் பொங்கி வரும்போதுகூட, அடுப்பை அணைக்கக் கை போகும் முன்னே கால் போய்விடும். அடுப்புக்கு பிரேக் கிடையாது அண்ணி என்று நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

காரணம் அவர் வேலை. அண்ணி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து வடிவார். பக்கத்து இருக்கையில் அண்ணி. அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். மாணவர் தடுமாறினால் அவர் அதை மிதித்து வண்டியை நிறுத்த வேண்டும். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வேலை. என் அண்ணன் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவன், வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீரில்தான் இருப்பான். வீட்டில் சும்மா உட்கார்ந்து கடலை நினைத்துக்கொண்டிருப்பதற்கு ரோட்டையாவது பார்க்கலாம் என்று கிளம்பினவர், இன்றுவரை நிறுத்தவில்லை.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அவசரமில்லை அக்கா’. அந்த வார்த்தையைச் சொல்லாமல் அவருக்கு ஒரு வகுப்பு நடக்காது. முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடமாட்டார். “சாவிய கையில வச்சுக்கங்க. கதவ திறங்க, மூடுங்க. கண்ணாடிய சரி பண்ணுங்க. அவ்வளவுதான் இன்னிக்கு” என்பார். “மேடம், அப்ப ஓட்டறது?” என்று கேட்டால், “பயம் முதல்ல இறங்கட்டும். அப்புறம் நீங்க ஏறலாம், அவசரமில்ல” என்பார். பார்ப்பவர்களுக்கு இது காசுக்குப் பிடித்த கேடு என்று தோன்றும். ஆனால் அவரிடம் கற்றவர்களில் வண்டியைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம், எல்லாரும் இப்போது ஓட்டுகிறார்கள்.

கடைசி நாள் வகுப்பு பயிற்சி மைதானத்தில் நடக்கும். அன்றைக்கு அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். என் கால் பிரேக் பக்கமே இல்லை, இனி நீயாச்சு உன் வண்டியாச்சு என்று மாணவருக்குக் காட்டுவதற்கு. பள்ளி முதலாளிக்குத் தெரிந்தால் சத்தம் போடுவார், அதனால் காதும் காதும் வைத்தமாதிரி நடக்கும்.

உரிமம் வாங்கிப் போனவர்கள் யாரும் சாலையில் எதிரே வந்தால்கூட அண்ணியைக் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு ஹாரன் அடித்தால் என்ன குறைந்துவிடும்? அண்ணி சிரிப்பார். “ரோட்ட பாத்துட்டு போறாங்க இல்ல, அதுதான் வேணும். வண்டி ஓட்டறப்ப என்னத் தேடினா, இன்னும் கத்துக்கலன்னு அர்த்தம்.”

அப்பேர்ப்பட்ட அண்ணியிடம் கற்றுத் தேறாத ஒரே ஆள் நான்தான். நான் மக்கு என்று நினைக்க வேண்டாம். அந்தக் காரில் இரண்டு பிரேக்கும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டவை. அவர் மிதித்தால் என் காலடியில் இருக்கும் பிரேக்கும் தானாகக் கீழே இறங்கும். மற்ற மாணவர்களிடம் அவர் கால் தூங்கும். நான் ஓட்டினால் விழித்துக்கொள்ளும். தெருக்கோடியில் ஒரு பூனை வாலை ஆட்டினால் மிதிப்பார். எதிரே காலியாக ரோடு கிடந்தாலும் மிதிப்பார். நான் தொடாமலே என் பிரேக் சரசரவென்று கீழே போகும். ஏதோ ஆபத்து வரப்போகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றும். ஒருநாள் நடுவழியில் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பின்னாலேயே வந்த அண்ணி பரிதாபமாகச் சொன்னார். “மத்தவங்கன்னா கால் சும்மா இருக்கு. நீன்னா கேக்க மாட்டேங்குதுடி. நான் என்ன பண்ண?”

அன்றோடு என் ஓட்டுநர் படிப்பு முடிந்தது. பழகுநர் உரிமத்தை மட்டும் ரோஷத்துக்காகப் புதுப்பித்துப் புதுப்பித்துக் கைப்பையில் வைத்திருந்தேன்.

இந்த அண்ணியிடம்தான் அந்த நாய் வந்து சேர்ந்தது.

பயிற்சி மைதானத்து விளக்குக் கம்பத்தில் யாரோ அதைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காவலாளி பார்த்திருக்கிறார். ஒரு கார் வந்தது, ஒருவர் இறங்கினார், நாயைக் கட்டினார், தலையைத் தடவி “இரு, வரேன்” என்றார், காரில் ஏறிப் போய்விட்டார். வரவே இல்லை. அது நின்ற இடமோ பயிற்சி மைதானம். நாள் பூராவும் கார்கள் கிளம்பும், ஒரு சுற்று சுற்றித் திரும்பி வரும். கார் கிளம்பும்போதெல்லாம் நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு கதறும், திரும்பி வந்தால் வாலாட்டும், வந்தது தன் ஆள் இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிடும். அடுத்த கார் கிளம்பும். அண்ணியால் அன்று வகுப்பு எடுக்கவே முடியவில்லை. சாயங்காலம் அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

துண்டுக்குள் சுருண்டு கிடந்ததால் அதன் பெயர் பொட்டலம் ஆயிற்று. பழுப்பு நிறம், ஒரு காது நிற்கும், இன்னொன்று படுத்திருக்கும். எனக்கு நாய் என்றால் ஆகாது. அதை நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அது என் புடவை முந்தானையை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

அண்ணி இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில். நானும் என் வீட்டுக்காரரும் அதற்குக் கீழே. அண்ணி வீட்டில் இருக்கும்வரை பொட்டலத்தைப் போல ஒரு நல்ல பிள்ளை கிடையாது. அவர் எங்கே உட்கார்ந்தாலும் வந்து அவருடைய வலது காலின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். அவர் வேலைக்குக் கிளம்பினால் மட்டும் வேறு நாய் ஆகிவிடும். கதவைச் சாத்திய நொடியில் ஊளை ஆரம்பிக்கும். கதவைப் பிறாண்டும், நிலையைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். ஒருநாள் அண்ணி திரும்பி வந்தபோது கதவின் அடியில் ரத்தக்கோடுகள் இருந்தன. நகம் பிய்ந்திருந்தது. அண்ணி அதன் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். நான் துடைப்பம் எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

அண்ணி வீட்டுக்கு அடுத்த சுவர் ஒரு நர்ஸுடையது. இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிற பெண். சண்டைக்காரி இல்லை. அவள் வந்து வாசலில் நின்றபோது கண் ரெண்டும் சிவந்திருந்தது.

“அக்கா, நேத்து ஒருத்தருக்கு ஊசி போடறப்ப கை நடுங்குச்சு. தூங்கி பல நாள் ஆச்சு. அது வாயில்லா ஜீவன்தான், நான் அத திட்டல. ஆனா எனக்கும் வேற வழி தெரியலக்கா.”

அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு நான் கத்தியிருப்பேன். இப்படிச் சொன்னால் என்ன செய்வது? குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் வந்து, நர்ஸம்மா தூங்கினால் நாய் இருக்கலாம், மாதக் கடைசிக்குள் அது நடக்காவிட்டால் நாயை எங்காவது கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே நாய்க் காப்பகம் ஒன்று இருந்தது. அண்ணி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரிசையாகக் கூண்டுகளாம். யாராவது வந்தால் எல்லா நாயும் கம்பிக்கு வந்துவிடுமாம், போனால் உள்ளே போய் உட்கார்ந்துவிடுமாம்.

“ஒருத்தர் கட்டிப்போட்டுட்டு போனத அது பாத்தாச்சு” என்றார் அண்ணி. “ரெண்டாவதா நானும் கொண்டு போய் விட்டேன்னா, அதுக்கப்புறம் அது யாரையும் நம்பாதுடி.” அன்று அவர் சாப்பிடவில்லை.

அதன்பிறகு வீட்டில் நடக்காத வைத்தியம் இல்லை. கிளம்பும் முன் அண்ணி அதைக் கட்டிக்கொண்டு, “அம்மா போய்ட்டு ஓடி வந்துடுவேன், சரியா, அழக் கூடாது, சரியா” என்று நீட்டி முழக்கி விடைபெற்றுப் பார்த்தார். அது இன்னும் உரக்க அழுதது. சொல்லாமல் கொள்ளாமல் பூனைபோல நழுவிப் பார்த்தார். அதன் பிறகு அவர் குளியலறைக்குப் போனால்கூட அது வாசலில் காவல் நின்றது. ரேடியோ போட்டுவிட்டுப் போனார், ரேடியோவோடு சேர்ந்து ஊளையிட்டது. என் அண்ணன் கப்பலிலிருந்து தன் குரலைப் பதிவு செய்து அனுப்பினான். “டேய் பொட்டலம், அப்பா பேசறேன், சமத்தா இருக்கணும்” என்று இன்ஜின் அறைச் சத்தத்துக்கு நடுவில் கத்தியிருந்தான். அதைப் போட்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. நாயாவது ஒளிந்துகொண்டது, எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

கடைசியில் கால்நடை மருத்துவரிடம் போனோம். சின்ன வயசுப் பெண். மேஜைமேல் தூக்கி வைக்காமல் அவளே தரையில் உட்கார்ந்துகொண்டாள். பொட்டலம் தானாகக் கிட்டே வரும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எங்களோடு பேசினாள்.

“இது சேட்டை இல்லம்மா, பயம். திட்டினா பயம் கூடும். அதால எவ்வளவு நேரம் தாங்க முடியுமோ அதுக்கு மேல தனியா விடாதீங்க. பழகற வரைக்கும் யாராவது கூட இருங்க. நீங்க வெளிய போறதுங்கறது அதுக்கு ஒரே பெரிய மலை. அத சின்னச் சின்னதா உடைங்க. சாவிய எடுக்கறது தனி, செருப்பு போடறது தனி, கதவ திறக்கறது தனி. அது பயப்படறதுக்கு முன்னாடி திரும்பி வந்துடணும். போறப்பவும் கொஞ்ச வேணாம், வர்றப்பவும் ஆர்ப்பாட்டம் வேணாம். நக்கறதுக்கு, மெல்றதுக்கு ஏதாவது குடுங்க, அதுல மனசு கொஞ்சம் அடங்கும்.”

அண்ணி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். “டாக்டர், இதத்தான் நான் தினமும் சொல்லிக்குடுக்கறேன். சாவிய புடிக்கறது, கதவ திறந்து மூடறது, வண்டி எடுக்காம சும்மா உக்காந்திருக்கறது!”

“அப்ப பாதி வேலை முடிஞ்சுதும்மா” என்று சிரித்தாள் டாக்டர்.

அண்ணி கொஞ்ச நாள் விடுப்பு எடுத்தார், மற்ற நாளில் பாதி வேளை வேலை. அந்தப் பாதி வேளையில் பொட்டலம் எங்கள் வீட்டில் இருந்தது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதிய வேளைக்கு மாறிக்கொண்டேன். என் மடியில் ஒரு நாய் குறட்டை விட்டுத் தூங்கியது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரும் தெரியாதமாதிரி இருந்துகொண்டார்.

அதன்பிறகு அண்ணியைப் பார்த்திருக்க வேண்டும். காலையிலிருந்து கையில் சாவிக்கொத்து. சாவியோடு சமையலறைக்குப் போவார், சாவியோடு துணி காயப்போடுவார். ஷூ போட்டுக்கொண்டு டிவி பார்ப்பார். தோளில் பையை மாட்டிக்கொண்டு காய் நறுக்குவார். கதவைத் திறப்பார், மூடுவார், திரும்ப வந்து உட்காருவார். எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க அண்ணிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று விசாரித்தார். பொட்டலம் முதலில் சாவி குலுங்கும்போதெல்லாம் துள்ளி எழுந்தது. பிறகு தலையை மட்டும் தூக்கியது. பிறகு சாவிச் சத்தத்துக்குக் கொட்டாவி விட ஆரம்பித்தது. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. கப்பலுக்கு ஃபோன் போட்டு, “கொட்டாவி விட்டுச்சுங்க!” என்றார். அண்ணன் அங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

ஆனால் அதற்கு மேல் வண்டி நகரவில்லை. விளையாட்டுக்குச் சாவி எடுத்தால் தூங்கும். நிஜமாகவே வெளியே போவதற்கென்று அண்ணி உட்கார்ந்தால், சாவியைத் தொடும் முன்னே, ஷூவைப் பார்க்கும் முன்னே, அதற்குத் தெரிந்துவிடும். எழுந்து நின்று நடுங்கும். எப்படித் தெரிகிறது? அண்ணி சட்டையை மாற்றிப் பார்த்தார், நேரத்தை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. மாதமோ முடிந்துகொண்டிருந்தது. நர்ஸ் படியில் எங்களைப் பார்த்தால் குற்றம் செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம். அண்ணி சோபாவில் இருந்தார், நான் கீழே பாயில் படுத்திருந்தேன். கடைத்தெருவரை போய்வருவதாகத் திட்டம். அண்ணி இன்னும் அசையக்கூட இல்லை. வழக்கம்போல அவர் வலது பாதத்தின் மேல் தாடையை வைத்துப் பொட்டலம் தூங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று அது கண்ணைத் திறந்தது. நிற்கிற காது இன்னும் விறைத்து நின்றது. உதட்டை நக்கிக்கொண்டது, மூச்சு வாங்கியது.

நான் படுத்திருந்ததால் என் கண் தரையோடு தரையாக இருந்தது. எதிரே அண்ணியின் பாதம். விரல்கள் ரத்தம் சுண்டி வெளுக்கும்படி தரையை அழுத்திக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் என் காலடியில் அந்தப் பழைய பிரேக் சரசரவென்று கீழே இறங்குவதுபோல இருந்தது.

“அண்ணி! பிரேக்க மிதிக்கறீங்க!”

“எந்த பிரேக்க?”

“கீழ பாருங்க!”

குனிந்து பார்த்தார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நாய் எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தது.

“இப்ப என்ன நினைச்சீங்க? சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்ல… கிளம்பணுமேன்னு நினைச்சேன். அய்யோ, கத்துமே, நகத்த பிச்சுக்குமேன்னு…”

“அவ்வளவுதான். அது உங்க கால் மேலதான் படுத்திருக்கு. கால் இறங்கினா, என்னமோ ஆபத்து வருது, நமக்குத்தான் தெரியலன்னு அதுக்கு தோணும். எனக்குத் தோணின மாதிரியே தோணும்! சாவியும் இல்ல, ஷூவும் இல்ல அண்ணி. நீங்கதான்!”

கொஞ்சம் அதிகமாகத்தான் கத்திவிட்டேன். என் பழைய கோபமும் அதில் கலந்திருந்தது. அண்ணி தன் பாதத்தைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். “உனக்கும் இப்படித்தான் இருந்துச்சாடி?”

“ஆமா” என்றேன். அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாளிலிருந்து நான் ஆசிரியை ஆனேன். அண்ணியைக் கண்காணிப்பதுதான் பாடம். எங்கே பாதம் அழுந்தினாலும் “கால்!” என்று கத்துவேன். சோபாவில் “கால்!”, சாப்பிடும்போது “கால்!” என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் தன் காலையும் இழுத்துக்கொண்டார். ஆனால் காலைத் தூக்கி முக்காலியில் வைத்துவிட்டால் மட்டும் ஆகிவிடவில்லை. மனசுக்குள் பதறிக்கொண்டு வெளியே நடித்தால் அந்த நாய் கண்டுபிடித்துவிடும். மூச்சில் தெரியுமோ, வேர்வையில் தெரியுமோ, அதற்குத்தான் வெளிச்சம். அண்ணி நிஜமாகவே பயப்படாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அது உள்ளே என்ன செய்கிறது என்று அவர் கண்ணால் பார்ப்பது. என் பழைய ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்து, அண்ணியின் ஃபோனில் படம் தெரியும்படி செய்தேன்.

அண்ணி கதவுக்கு வெளியே நின்று பார்த்தார். பொட்டலம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது, கத்தவில்லை. உடனே உள்ளே வந்து, ஒன்றுமே நடக்காததுபோல நாளிதழை எடுத்துக்கொண்டார். அடுத்து மாடிப்படி, அடுத்து கீழ்வாசல், அடுத்து தெருமுனைக் கடை. அது முனகினால் ஒரு படி பின்னால் வருவார். “அவசரமில்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அது சமாளிப்பதைப் பார்க்கப் பார்க்க அவர் பயம் இறங்கியது, அவர் பயம் இறங்க இறங்க அது இன்னும் சமாளித்தது.

பாக்கி இருந்தது ஒன்றுதான், கார். இதுவரை அவர் போனதெல்லாம் நடந்து. கார் கிளம்பிப் போகிற சத்தம்தான் அந்த விளக்குக் கம்பத்துச் சத்தம். அதை அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். மாதக் கடைசியும் வந்துவிட்டது. அன்று காலை வேலை முடிந்து வந்த நர்ஸிடம், இன்று நாயைத் தனியாக விட்டுவிட்டுக் காரில் போய்ப் பார்க்கப்போகிறோம் என்று சொன்னோம்.

“நான் போய் படுக்கறேன்க்கா” என்றாள் அவள். “நான் எழுந்திரிக்கலன்னா உங்க பையன் பாஸ்.” கதவைச் சாத்தும் முன் பொட்டலத்தைப் பார்த்து, “டேய், என்ன எழுப்பிடாதடா, கெஞ்சிக் கேக்கறேன்” என்றாள்.

வேகவைத்து மசித்த கேரட்டை ஒரு தட்டில் பூசி நக்குவதற்கு வைத்தோம். அண்ணி ஷூ போட்டார். கால் தளர்ந்து இருந்தது, நான் பார்த்தேன். சாவியை எடுத்தார். விடைபெறவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார்.

ஜன்னலுக்கு நேர் கீழே, அண்ணி கேட்டு வாங்கி வந்திருந்த பயிற்சிப் பள்ளிக் கார் நின்றது. அண்ணி ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் ஃபோனோடு. சாவியைப் போட்டார். திருப்பவில்லை. பார்த்தால் பிரேக்கை அடிவரை மிதித்துக்கொண்டிருக்கிறார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“முடியலடி. இந்த சத்தம் கேட்டா அதுக்கு அந்த கம்பம் ஞாபகம் வரும். விட்டுட்டு போய்ட்டான்னு நினைக்கும்.”

“அண்ணி, ஸ்டார்ட் பண்ணுங்க.”

“கை வர மாட்டேங்குது.”

தட்டில் இருப்பது தீர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “இறங்குங்க. இந்த பக்கம் வாங்க.”

“உனக்கு ஓட்டத் தெரியாதே!”

“யாரால?”

அவர் இறங்கி வந்தார். இடம் மாறினோம். ஃபோனை அவர் கையில் கொடுத்தேன். இருக்கையை முன்னால் இழுத்தேன், கண்ணாடியைச் சரி செய்தேன், இதெல்லாம் இவ்வளவு நாளுக்கு அப்புறமும் கை தானாகச் செய்தது. பிறகு அவருடைய காலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஷூவைக் கழற்றினார். இருக்கையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது.

“தலைய தூக்கிடுச்சு” என்றார் அண்ணி.

கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது. மறுபடி திருப்பினேன். இந்தத் தடவை மெதுவாக விட்டேன். வண்டி ஊர்ந்தது. ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். என் காலடியில் பிரேக் அசையவில்லை. நான் மிதித்தேன், வண்டி நின்றது, அவர் போனார், மறுபடி கிளம்பினேன். அந்தக் காரில் நானாகப் பிரேக் போட்டது அதுதான் முதல் தடவை.

“எழுந்துடுச்சு. ஜன்னல் பக்கம் பாக்குது. கதவுகிட்ட போகுது.”

“கத்துதா?”

“மோந்து பாக்குது… ஒரு முனகல் முனகுது.”

“அப்புறம்?”

தெருமுனைத் திருப்பம் வந்தது. கண்ணை எடுக்க முடியாது. “அண்ணி! வாயத் தொறந்து சொல்லுங்க!”

“என் வீட்டு செருப்ப வாயில கவ்விட்டு வருது” என்றார். குரல் உடைந்திருந்தது. “கீழ போட்டு… அதுமேல தாடைய வச்சு… படுத்துடுச்சு. கண்ண மூடிடுச்சுடி. தூங்குது.”

அன்று சாயங்காலம் நர்ஸ் கன்னத்தில் தலையணை மடிப்போடு ஓடிவந்து, “அக்கா, சத்தமே இல்லையே, நாய கொண்டு போய் விட்டுட்டீங்களா?” என்று கண் கலங்கியதும், பொட்டலம் அவள் காலை நக்கியதும், செயலாளர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனதும் பிறகு நடந்தவை. எனக்கு மனசில் நிற்பது அந்தத் திருப்பம்தான். அண்ணி ஃபோனை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

“ஒரு தடவ கூட என்ன கூப்பிடலடி.”

“அதுதான வேணும்னீங்க?”

“அதுதான் வேணும்” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “நான் இவ்வளவு அழறேன், நீயும் என்ன திரும்பிப் பாக்கல” என்றார்.

“ரோட்ட பாத்துட்டு இருக்கேன் அண்ணி.”

அவர் அழுதுகொண்டே சிரிப்பது காதில் கேட்டது. கால் சம்மணத்திலேயே இருந்தது.

“பாரு” என்றார். “ரோட்டையே பாரு. அவசரமில்ல.”